விருந்து மேசையில் நடந்த ஆட்சி

1914-ஆம் ஆண்டின் கோடையைப் பற்றி பிரிட்டனில் நெடுங்காலமாக ஒரு சித்திரம் நிலவிவருகிறது. வெயில் இதமாகக் காய்கிறது; தோட்டங்களில் விருந்துகள் நடக்கின்றன; ஆஸ்காட் குதிரைப் பந்தயத்துக்குச் சீமாட்டிகள் அலங்கரித்துக்கொண்டு போகிறார்கள்; அமைச்சர்கள் டென்னிஸ் ஆடுகிறார்கள், சீட்டாடுகிறார்கள்; தலையில் இடி விழப்போவது ஒருவருக்கும் தெரியவில்லை. இந்தச் சித்திரத்தைத் தீட்டியவர்களில் பெரும்பாலோர் போருக்குப் பின் எழுதியவர்கள். மகனையோ கணவனையோ தம்பியையோ பிரான்ஸின் மண்ணில் பறிகொடுத்தவர்கள். அப்போது பிரதமராக இருந்த ஆஸ்குவித்தே தம் மூத்த மகன் ரேமண்டை 1916 செப்டம்பரில் சோம் போர்க்களத்தில் இழந்தார். அப்படிப்பட்ட துயரத்தில் நின்று திரும்பிப் பார்க்கும்போது முந்தைய நாட்கள் உள்ளதைவிட ஒளியாகத் தெரியும். அந்தத் துயரம் மதிக்கத்தக்கது. ஆனால் அது தீட்டிய சித்திரத்தை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. அவர்கள் விருந்துண்டதும் சீட்டாடியதும் பொய்யல்ல. அந்த விருந்துகளை ஆட்சியிலிருந்து பிரித்து வெறும் பொழுதுபோக்காகப் பார்ப்பதுதான் பிழை. அன்றைய பிரிட்டனில் ஆட்சியின் பெரும்பகுதி நடந்ததே அந்த மேசைகளில்தான். ஆகவே போருக்கு முந்தைய பத்து நாட்களைப் புரிந்துகொள்ள, அந்த அரசியல் மேட்டுக்குடியின் அன்றாடத்தை ஒரு நிர்வாக முறையாகவே ஆராய வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் ஒரு அடிப்படைச் செய்தி. 1914-ல் பிரிட்டிஷ் அமைச்சரவைக்குச் செயலாளர் கிடையாது. கூட்டத்துக்கு முன் நிகழ்ச்சி நிரல் சுற்றுக்கு வராது. கூட்டத்தில் யார் என்ன பேசினார், என்ன முடிவானது என்று குறிப்பெடுக்க ஆள் கிடையாது. ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் பிரதமர் தம் கைப்பட அரசருக்கு எழுதும் கடிதம் ஒன்றுதான் அதிகாரபூர்வப் பதிவு. 1916 டிசம்பரில் லாயிட் ஜார்ஜ் பிரதமராகி, மாரிஸ் ஹாங்கியைச் செயலாளராக வைத்துப் போர் அமைச்சரவையை அமைத்தபோதுதான் இந்த நிலை மாறியது. உலகின் மிகப்பெரிய பேரரசு அதுவரை சுமார் இருபது பேரின் ஞாபகத்தில் நடந்துகொண்டிருந்தது. வெளியுறவுத் தந்திகள் பெட்டிகளில் அமைச்சர்களிடம் சுற்றுக்குப் போனது உண்மை. ஆனால் ஒரு தந்தியை எப்படி வாசிப்பது, சக அமைச்சர் எந்தப் பக்கம் சாய்கிறார், யார் ராஜினாமா செய்யும் மனநிலையில் இருக்கிறார் என்பதெல்லாம் பெட்டிகளில் வருவதில்லை. அது லாயிட் ஜார்ஜின் காலைச் சிற்றுண்டி மேசையில் தெரியவரும். கிளப்பின் மதிய உணவில் தெரியவரும். இரவு விருந்தில், சனிக்கிழமை மதியம் ரயிலேறித் திங்கட்கிழமை திரும்பும் நாட்டுப்புற மாளிகை வாசத்தில் தெரியவரும். இதற்குத் துணையாக உறவும் நட்பும் பின்னிக் கிடந்தன. சர்ச்சிலின் மனைவி கிளெமென்டைனும், ஆஸ்குவித்தின் அந்தரங்கத் தோழியான வெனிஷியா ஸ்டான்லியும் உறவில் சகோதரிகள். அந்த வெனிஷியா, ஆஸ்குவித்தின் மகள் வயலெட்டுக்கும் நெருங்கிய தோழி. நாடாளுமன்றத்தின் கால அட்டவணையும் இந்த வாழ்க்கையோடு ஒட்டியே ஓடியது: ஆகஸ்ட் 12-ஆம் தேதி பறவை வேட்டைக் காலம் தொடங்கும்முன் கூட்டத்தொடர் முடிந்துவிட வேண்டும் என்பதே வழக்கமான எதிர்பார்ப்பு.

ஆஸ்குவித்தின் நாளை எடுத்துக்கொள்வோம். அவர் சோம்பேறி அல்லர். வழக்கறிஞராகப் பயின்ற வேகமான மூளை, கோப்புகளை விரைவில் முடித்துவிடுவார். எஞ்சிய நேரத்தில் வாசிப்பு, விருந்து, இரவில் பிரிட்ஜ் சீட்டாட்டம், வெள்ளிக்கிழமை மதியங்களில் வெனிஷியாவோடு காரில் ஓர் உலா. இவற்றோடு அவளுக்குக் கடிதங்கள். 1912 தொடங்கி 1915 மே வரை அவர் எழுதியவற்றில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவை எஞ்சியிருக்கின்றன. சில நாட்களில் ஒன்றுக்கு மேல் எழுதினார். அமைச்சரவைக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுதியவையும் உண்டு. லண்டனில் ஒரே நாளில் பலமுறை தபால் பட்டுவாடா நடந்த காலம் அது. அந்தக் கடிதங்களில் காதல் எவ்வளவு உண்டோ அவ்வளவு அரசாங்கமும் உண்டு: யார் என்ன சொன்னார், படைகள் எங்கே நகர்கின்றன, அரசர் என்ன நினைக்கிறார். 1914 ஜூலையில் வெனிஷியாவுக்கு வயது 26. அந்த வயதுப் பெண் ஒருத்தியின் அறிவை நம்பி அரசின் ரகசியங்களைப் பகிர்ந்த அதே மனிதர்தான் பெண்களுக்கு வாக்குரிமை தருவதைப் பிடிவாதமாக எதிர்த்தவர். இதைத் தனிமனித முரண்பாடு என்று விட்டுவிடக் கூடாது. அந்தச் சமூகத்தின் இயல்பே இதில் தெரிகிறது. ஒருவருக்கு அரசியலில் இடமுண்டா இல்லையா என்பதை அறிமுகமும் நெருக்கமும் தீர்மானித்தன. உரிமையாக அதைக் கேட்டவர்கள் சிறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இந்த முறைக்கு நன்மையே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே மேசையில் அமர்வதால், மேடையில் சொல்ல முடியாததை அங்கே சொல்ல முடிந்தது. சர்ச்சிலும் எதிர்க்கட்சியான யூனியனிஸ்ட் கட்சியின் எஃப்.ஈ. ஸ்மித்தும் 1911-ல் தொடங்கிய விருந்துக் கழகத்தில் இரு கட்சியினரும் உறுப்பினர்கள். அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் மசோதாவால் உள்நாட்டுப் போர் மூளும் என்ற அச்சம் எழுந்தபோது, ஆஸ்குவித்தும் எதிர்க்கட்சித் தலைவர் போனர் லாவும் 1913-ன் இலையுதிர்காலத்திலிருந்து மூன்று முறை ரகசியமாகச் சந்தித்தார்கள். சந்தித்த இடம் மேக்ஸ் எய்ட்கனின் செர்க்லி மாளிகை. ஊருக்குத் தெரியாமல் பேசுவதற்கு ஒரு நண்பரின் வீடு இருந்தது என்பது அந்த நாட்டுக்குச் சிறிய உதவி அல்ல. 1914 ஜூலை 30 அன்று இன்னொன்று நடந்தது. போனர் லாவும், தன்னாட்சியை எதிர்த்த வட அயர்லாந்துப் பகுதியான அல்ஸ்டரின் தலைவர் கார்சனும் ஆஸ்குவித்தை கென்சிங்டனில் உள்ள போனர் லாவின் வீட்டுக்கு வரவழைத்து, ஐரோப்பாவின் நிலையைக் கருதி அயர்லாந்துச் சர்ச்சையை ஒத்திவைக்கலாம் என்றார்கள். ஆஸ்குவித் ஒப்புக்கொண்டார். அன்று நாடாளுமன்றத்தில் வர இருந்த திருத்த மசோதா தள்ளிவைக்கப்பட்டது. ஓராண்டாக மேடைகளில் ஒருவரையொருவர் துரோகி என்று வைதுகொண்டிருந்த கட்சிகள், ஒரு வீட்டின் வரவேற்பறையில் அரைநாளுக்குள் உடன்பட்டன.

ஆனால் அதே அயர்லாந்து விவகாரம் அந்த மேசைகளை ஏற்கெனவே இரண்டாகப் பிளந்திருந்தது. யூனியனிஸ்ட் சீமாட்டிகள் ஆளுங்கட்சியான லிபரல்களை அழைப்பதை நிறுத்தினார்கள். 1914 கோடையில், இந்தியாவின் வைஸ்ராயாக நமக்குத் தெரிந்த கர்சன் பிரபு, அரசரும் அரசியும் கலந்துகொண்ட நடன விருந்தொன்றை நடத்தியபோது பிரதமரின் குடும்பத்துக்கே அழைப்பில்லை. பிரதமரின் மனைவி மார்கட் அதை ஆறாத காயமாக எழுதிவைத்திருக்கிறார். மார்ச் மாதம் அயர்லாந்தின் கர்ரா முகாமில் குதிரைப்படை அதிகாரிகள் அல்ஸ்டருக்கு எதிராகப் போகமாட்டோம் என்று நின்றதில் போர்த்துறை அமைச்சர் சீலி பதவி விலக, அந்தப் பொறுப்பையும் ஆஸ்குவித்தே எடுத்துக்கொண்டார். ஐரோப்பா நெருப்பை நோக்கிப் போனபோது பிரிட்டனுக்குத் தனியே ஒரு போர்த்துறை அமைச்சர் இல்லை. ஆட்சி விருந்து மேசையை நம்பியிருக்கும்போது மேசை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு, அலங்கார விஷயமாகத் தோன்றும் அந்த நடன விருந்து ஒரு சரியான சான்று.

ஜூலை 24, வெள்ளிக்கிழமை. அரண்மனையில் நடந்த அயர்லாந்து மாநாடு அன்று தோல்வியில் முடிந்தது. மதியம் கூடிய அமைச்சரவை ஃபெர்மனா, டைரோன் என்ற இரு மாவட்டங்களின் எல்லைகளை ஆராய்ந்து களைத்த பிறகு, வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே செர்பியாவுக்கு ஆஸ்திரியா விடுத்த இறுதி எச்சரிக்கையை வாசித்தார். மறுநாள் சனிக்கிழமை. கிரே ஹாம்ப்ஷயரில் இட்சன் ஆற்றங்கரையில் உள்ள தம் மீன்பிடிக் குடிலுக்குப் போனார். கடற்படை அமைச்சர் சர்ச்சில் குடும்பம் தங்கியிருந்த நார்ஃபோக் கடற்கரைக்குப் போனார். பொறுப்பற்ற உல்லாசத்துக்கு இதைவிட உதாரணம் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். ஞாயிறன்று வெளியுறவுத் துறையில் இருந்த ஆர்தர் நிக்கல்சன், நான்கு வல்லரசுகளின் மாநாடு ஒன்றைக் கூட்டும் யோசனையை அனுப்ப, கிரே குடிலிலிருந்தே ஒப்புதல் தந்தார். அன்றே அழைப்பு தலைநகரங்களுக்குப் போனது. சர்ச்சில் கடற்கரையிலிருந்து தொலைபேசியில் பேசிவிட்டு இரவுக்குள் லண்டன் திரும்பினார். அதற்குள் கடற்படைத் தளபதி பேட்டன்பர்க் இளவரசர், போர்ட்லாண்டில் பயிற்சிக்காகத் திரண்டிருந்த கப்பல்கள் கலையாதபடி உத்தரவிட்டிருந்தார். தந்தியும் தொலைபேசியும் ரயிலும் அந்த வார இறுதி வாழ்க்கையை அலுவலகத்தோடு கட்டிவைத்திருந்தன. ஊரில் இல்லாததால் எதுவும் தவறிப்போகவில்லை. குற்றம் சோம்பலில் இல்லை.

குற்றம் வேறிடத்தில் இருந்தது: அறிவு நெருக்கத்தின் அளவுக்கேற்பப் பங்கிடப்பட்டது. பிரெஞ்சு ராணுவத்தோடு பிரிட்டிஷ் ராணுவத் தலைமை 1906 முதலே பேச்சு நடத்திவந்தது. கிரேவும் அப்போதைய போர்த்துறை அமைச்சர் ஹால்டேனும் அறிவார்கள். ஆஸ்குவித் பிற்பாடு அறிந்தார். அமைச்சரவை முழுமைக்கும் அது தெரியவந்தது 1911-ன் இறுதியில்தான். தெரிந்தபோது பெரும்பான்மையினர் கொதித்தார்கள். 1912 நவம்பரில் கிரேவும் பிரெஞ்சுத் தூதர் காம்போனும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் அமைச்சரவையின் ஒப்புதலோடு எழுதப்பட்டவைதான். ஆனால் நாடாளுமன்றத்துக்கு அவை காட்டப்படவில்லை. 1914 ஆகஸ்ட் 3 அன்று அவையில் அந்தக் கடிதத்தைக் கிரே வாசித்தபோதும், இரு படைத்தலைமைகளின் திட்டங்களையும் கணக்கில் கொள்வோம் என்ற கருத்துள்ள அதன் கடைசி வாக்கியம் விடுபட்டுப்போனது. ஹால்டேனும் கிரேவும் பேச்சை மறைத்தது தீய நோக்கத்தால் என்று நான் கருதவில்லை. ஒருவருக்கொருவர் இருபது ஆண்டுப் பழக்கம். ஒருவர் வீட்டில் மற்றவர் தங்குவார். ஒருவருக்குத் தெரிந்தால் போதும், நம்மவர்களுக்குத் தெரிந்த மாதிரிதான் என்ற எண்ணம் அந்த நெருக்கத்திலிருந்து தானாக முளைக்கிறது. குறிப்பேடு வைத்து, யாரிடம் எதைச் சொன்னோம் என்று பதிந்திருந்தால், சொல்லாதது எது என்பதும் கண்ணில் பட்டிருக்கும்.

வெளிநாட்டாரும் இந்த மேசைகளையே நம்பினார்கள். ஹாம்பர்க் கப்பல் நிறுவனத் தலைவர் ஆல்பர்ட் பாலின் அதே ஜூலைக் கடைசியில் லண்டன் வந்து ஹால்டேன், கிரே, சர்ச்சில் ஆகியோரோடு விருந்துண்டார். சமாதானம் விரும்பிய நல்ல மனிதர். கேட்ட பேச்சுகளிலிருந்து, பிரான்ஸ் முற்றிலும் விழுங்கப்படாத வரையில் பிரிட்டன் தலையிடாமல் இருக்கலாம் என்ற எண்ணத்தோடு ஜெர்மனி திரும்பினார். விருந்தில் பேசும் மொழி மரியாதையின் மொழி; எதிரில் இருப்பவர் மனம் நோகாமல், கதவை அடைக்காமல் பேசுவது அதன் இலக்கணம். அந்த மொழி எச்சரிக்கை விடப் பயன்படாது. லண்டன் சமூகத்தில் எல்லோருக்கும் பிடித்தமானவரான ஜெர்மன் தூதர் லிக்னோவ்ஸ்கி, பிரிட்டன் ஒதுங்கி நிற்காது என்று பெர்லினுக்கு மீண்டும் மீண்டும் எழுதியும் பலனில்லை. ஆகஸ்ட் 2 காலை அவர் ஆஸ்குவித்தின் சிற்றுண்டி நேரத்தில் வந்து கண்ணீர் விட்டார். ஆஸ்குவித் அதையும் அன்றே வெனிஷியாவுக்கு எழுதினார்.

அந்தக் கடைசி வார இறுதியில், திங்கட்கிழமை வங்கி விடுமுறை என்பதால், ஊரே வெளியூர் போகும் நேரத்தில், பிரிட்டனின் முடிவு எப்படி உருவானது என்பதை வரிசையாகப் பார்த்தால் என் வாதம் தெளிவாகும். ஆஸ்குவித் வெனிஷியாவின் குடும்ப மாளிகைக்குப் போகும் திட்டத்தைக் கைவிட்டார். சனிக்கிழமை இரவு கடற்படை அமைச்சரின் இல்லத்தில் சர்ச்சில், எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஸ்மித், எய்ட்கன் முதலியோரோடு சீட்டு மேசையில் இருந்தபோது, ரஷ்யா மீது ஜெர்மனி போர் அறிவித்த செய்தி பெட்டியில் வந்தது. அவர் நடந்தே பிரதமர் இல்லத்துக்குப் போனார்; அங்கே ஆஸ்குவித்தோடு கிரே, ஹால்டேன், இந்தியத் துறை அமைச்சர் க்ரூ பிரபு ஆகியோர் இருந்தார்கள். அதே நாளில் தேம்ஸ் கரையின் வார்கிரேவ் மாளிகையிலிருந்து போனர் லாவும், வெஸ்ட்கேட் கடற்கரையிலிருந்து அதே கட்சியின் ஆஸ்டன் சேம்பர்லினும் திரட்டி அழைத்துவரப்பட்டார்கள். பிரான்ஸையும் ரஷ்யாவையும் ஆதரிக்கத் தயங்குவது நாட்டின் கௌரவத்துக்குக் கேடு என்ற பொருளில் ஞாயிறன்று யூனியனிஸ்ட் கடிதம் ஆஸ்குவித்தின் கைக்கு வந்தது. ஞாயிறன்று அமைச்சரவை இருமுறை கூடியது. இரண்டு கூட்டங்களுக்கும் இடையே, போரை விரும்பாத அமைச்சர்கள் பீச்சம் பிரபுவின் வீட்டில் மதிய உணவுக்குச் சேர்ந்தார்கள்: லாயிட் ஜார்ஜ், ஹார்கோர்ட், சைமன், சாமுவேல் முதலியோர். அரசாங்கம் உடைவதா நிற்பதா என்பது பெருமளவு அந்த உணவின்போது நிர்ணயமானது. அன்றிரவு லாயிட் ஜார்ஜ் பத்திரிகை அதிபர் ரிடெல் வீட்டில், தொழிற்கட்சியின் ராம்சே மெக்டொனால்டோடு விருந்துண்டார். ஹால்டேன் வீட்டில் தங்கியிருந்த கிரேவுக்கு, ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் நுழைய இருப்பது பற்றிய செய்தி இரவு உணவின்போது வந்தது. இருவரும் பிரதமர் இல்லத்துக்குப் போய், விருந்தினரோடு இருந்தவரைத் தனியே அழைத்துப் பேசினார்கள். இறுதியில் பதவி விலகி நின்ற அமைச்சர்கள் இருவர் மட்டுமே: ஜான் பர்ன்ஸ், ஜான் மார்லி. மின்டோ–மார்லி சீர்திருத்தத்தின் அதே மார்லி.

என் வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். மற்றத் தலைநகரங்களும் இப்படித்தானே இருந்தன என்பது முதலாவது. உண்மை, ஜெர்மன் சக்கரவர்த்தி நார்வேக் கடலில் உல்லாசப் பயணத்தில் இருந்தார், பாரிஸ் கையோ அம்மையார் மீதான கொலை வழக்கில் மூழ்கியிருந்தது. ஆனால் பெர்லினிலும் வியன்னாவிலும் முடிவெடுப்பதில் ராணுவத் தலைமைக்கு இருந்த இடம் லண்டனில் இல்லை. லண்டனில் முடிவு சிவிலியன்களின் கையில், அதுவும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் ஒரு சிறு கூட்டத்தின் கையில் இருந்தது. ஆகவே அந்தக் கூட்டத்தின் பழக்கவழக்கம் அங்கே கூடுதல் எடை பெறுகிறது. இரண்டாவது மறுப்பு வலுவானது: குறிப்பேடு இருந்திருந்தால் மட்டும் என்ன மாறியிருக்கும், பெல்ஜியத்தின் மீது படையெடுப்பும் பிரான்ஸ் வீழும் அபாயமும் பிரிட்டனை எப்படியும் இழுத்திருக்குமே. இழுத்திருக்கலாம். போர் தவிர்க்கப்பட்டிருக்கும் என்று நான் சொல்லவில்லை. பிரான்ஸுக்கு நாம் எந்த அளவு கடமைப்பட்டிருக்கிறோம் என்ற கேள்வியை 1911-லோ 1912-லோ அமைச்சரவையும் நாடாளுமன்றமும் வெளிப்படையாக விவாதித்து முடித்திருந்தால், 1914-ல் பெர்லினுக்கும் பாரிஸுக்கும் தெளிவான ஒரு பதிலையாவது சொல்லியிருக்க முடியும். கடைசி மணிநேரம்வரை பிரிட்டனின் நிலை பிரிட்டனுக்கே தெரியாமல் இருந்ததற்குப் பொறுப்பு இந்த ஆட்சிமுறையினுடையது.

மூன்றாவது மறுப்பு சான்றுகளைப் பற்றியது. ஆஸ்குவித்தின் கடிதங்கள், பீஸ், ஹாப்ஹவுஸ் போன்ற அமைச்சர்களின் நாட்குறிப்புகள், சாமுவேல் மனைவிக்கு எழுதியவை, மார்லியின் பதவி விலகல் குறிப்பு, பின்னாளில் சர்ச்சிலும் ஹால்டேனும் எழுதிய நினைவுகள் ஆகிய இவையெல்லாம் மேட்டுக்குடியினர் தங்களைப் பற்றி எழுதியவை; அவற்றை வைத்துப் பார்த்தால் விருந்துகள் பெரிதாகத் தெரியத்தானே செய்யும்? நினைவுக் குறிப்புகளை எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும்; அன்றன்று எழுதிய கடிதத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பை இருபது ஆண்டு கழித்து எழுதியதற்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் வெளியுறவுத் துறையின் தந்திகளை, அனுப்பிய நேரங்களோடு இந்தக் கடிதங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிகழ்வுகளின் வரிசை பொருந்துகிறது. மேலும், ஒரு பேரரசு போரில் இறங்கிய முடிவை அறிய ஒரு காதல் கடிதத்தையும் சில நாட்குறிப்புகளையும் நாட வேண்டியிருக்கிறது என்பதே அந்த ஆட்சிமுறையைப் பற்றிய முதன்மையான சான்று.

அந்த மேசைகளில் இடம் கிடைக்காதவர்களையும் எண்ணிப்பார்க்க வேண்டும். பெண்களுக்கு வாக்கில்லை, வயதுவந்த ஆண்களிலும் ஏறத்தாழ பத்தில் நால்வருக்கு வாக்கில்லை. வாக்குள்ளவர்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றமும் போர் அறிவிப்பின் மேல் வாக்களிக்கவில்லை. ஆகஸ்ட் 4 இரவு பத்தரை மணியளவில் பக்கிங்ஹாம் அரண்மனையில் அரசரின் ஆலோசனைச் சபை கூடியது. அரசரைத் தவிர அங்கே இருந்தவர்கள் ஓர் அமைச்சரும் இரண்டு அரண்மனை அதிகாரிகளும்தான். அந்த அமைச்சர், இரண்டு நாட்களுக்கு முன் போரை விரும்பாதவர்களுக்குத் தம் வீட்டில் உணவளித்த பீச்சம். அந்த ஒரு கூட்டத்தோடு இந்தியாவும் போருக்குள் வந்தது. இங்கே யாரையும் கேட்கவில்லை. வைஸ்ராய் ஹார்டிஞ்ச் அறிவிப்பு வெளியிட்டார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அந்தப் போருக்காகக் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள். சென்னைக்குப் போர் வந்துசேர ஏழு வாரம் ஆயிற்று: 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுத் தெற்கே போனது.